டேஷ்போர்டில் போன் ஹோல்டரை ஒட்டும் பசை... பின்னணியில் ஒரு பேஞ்சோ கலைஞர்! யார் இந்த ரிச்சர்ட் ட்ரூ?

கார் டேஷ்போர்டில் போன் ஹோல்டர். சமையலறை டைல்ஸில் டேப்லெட் ஸ்டாண்ட். ஹெல்மெட்டில் குட்டி கேமரா. போனுக்குப் பின்னாலேயே விரல் நுழைக்க ஒரு பிடி. இதில் எதற்கும் நாம ஆணி அடிப்பதில்லை, ஸ்க்ரூ முடுக்குவதில்லை. பின்பக்கம் இருக்கும் தாளை உரிக்கிறோம், வைத்து அழுத்துகிறோம். அவ்வளவுதான்.

தண்ணீர் தடவ வேண்டாம். சூடு காட்ட வேண்டாம். காயும் வரை கையால் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். விரல் அழுத்தம் மட்டுமே போதும் என்பதால் இந்த வகைப் பசையை அழுத்தத்தால் ஒட்டும் பசை என்று சொல்கிறார்கள்.

ஆனா ஹோல்டர் வாங்கும்போது மனசுக்குள்ள ஓடுற கேள்வி ஒண்ணு இல்ல, ரெண்டு. போனை விழாமல் பிடிக்குமா? கழட்டும்போது டேஷ்போர்டைப் பாழாக்காமல் வருமா?

முதல் கேள்விக்கு மனிதர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். மரப்பிசின் முதல் தச்சர்களின் வஜ்ரம் வரை கெட்டியாக ஒட்டும் பொருட்கள் ஏராளம். இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. அதைக் கையில் எடுத்தவர், படிப்பை முடிக்காத ஓர் இளைஞர். நடனக் குழுக்களில் பேஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தவர். பெயர் ரிச்சர்ட் ட்ரூ.

யார் இவர்? ஒட்டுற பசைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

பேஞ்சோ வாசித்த இளைஞர்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில், 1899-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி பிறந்தவர் ரிச்சர்ட் ட்ரூ. இளம் வயதில் நடன அரங்குகளில் பேஞ்சோ வாசித்துப் பணம் சம்பாதித்தார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். ஆனா படிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அதோடு விட்டுவிடவில்லை. அஞ்சல் வழியில் இயந்திர வடிவமைப்பு படித்தார். பகலில் பாடம், ராத்திரியில் பேஞ்சோ என எத்தனை நாள் ஓட்ட முடியும்? நிரந்தரமாக ஒரு வேலை வேண்டும் என்று தேடியவருக்கு, 1920-களின் தொடக்கத்தில் உள்ளூர் கம்பெனி ஒன்றில் லேப் உதவியாளர் வேலை கிடைத்தது.

அந்தக் கம்பெனியின் பெயர் மின்னசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபேக்சரிங். இன்று உலகம் முழுக்க 3எம் என்று அறியப்படும் அதே நிறுவனம்தான்.

அப்போ 3எம் டேப் கம்பெனி இல்லையா?

இல்லை. டேப்புக்கும் அந்தக் கம்பெனிக்கும் அன்று எந்தத் தொடர்பும் கிடையாது. பெயரில் இருக்கும் மைனிங் என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

1902-ல் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. குருந்தக்கல் வெட்டி எடுத்து, அரைக்கும் சக்கரங்கள் செய்பவர்களுக்கு விற்கலாம் என்பது திட்டம். தோண்டிய பிறகுதான் தெரிந்தது, அது குருந்தக்கல்லே இல்லை. அந்த வேலைக்கு உதவாத வேறு கல்! போட்ட பணம் போச்சு என்ற நிலையில், உப்புத்தாள் தயாரிப்புக்கு மாறினார்கள். பல ஆண்டுகள் தட்டுத்தடுமாறித்தான் கம்பெனி நிமிர்ந்தது.

1921-ல் அவர்களுக்கு ஒரு நல்ல பொருள் கிடைத்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் பிய்ந்துபோகாத உப்புத்தாள். நம்ம ஊர் பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்வார்களே, அதேதான். காய்ந்த நிலையில் தேய்த்தால் பெயிண்ட் தூசி பறக்கும். அன்றைய பெயிண்டில் ஈயம் கலந்திருந்ததால் அந்தத் தூசி விஷம். ஈரமாகத் தேய்த்தால் தூசி அடங்கும். எனவே கார் பெயிண்ட் பட்டறைகளில் இதற்கு நல்ல வரவேற்பு.

புது வாட்டர் பேப்பரைப் பட்டறைகளுக்கு எடுத்துச் சென்று சோதித்துப் பார்ப்பது ட்ரூவுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டதும் அந்த வேலைதான்.

பட்டறையில் காதில் விழுந்த வசை

1923-ம் ஆண்டு. வழக்கம்போல செயின்ட் பாலில் ஒரு பட்டறைக்குள் நுழைகிறார் ட்ரூ. உள்ளே ஒரு பெயிண்டர் கண்டபடி திட்டிக்கொண்டிருக்கிறார். யாரை? காரை, பெயிண்டை, பசையை, எல்லாவற்றையும்தான்.

அந்தக் காலத்தில் ஒரே காருக்கு இரண்டு நிறம் அடிப்பது பெரிய ஃபேஷன். பார்க்க அழகு. ஆனா அடிக்கிறவருக்கு நரகம். ஒரு நிறம் அடித்துக் காய்ந்த பிறகு, அதை மூடி வைத்துவிட்டுத்தான் இன்னொரு நிறத்தை ஸ்ப்ரே பண்ண முடியும். இரண்டும் சந்திக்கும் கோடு கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும்.

மூடுவதற்கு என்ன செய்தார்கள்? பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டினார்கள். இல்லாவிட்டால் காயத்துக்குப் போடும் மருத்துவப் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். பிடிமானம் எல்லாம் பிரமாதம். பிரச்சினை அதைப் பிய்க்கும்போதுதான். காகிதத்தோடு சேர்ந்து புது பெயிண்டும் பெயர்ந்து வந்துவிடும். அந்த இடத்தை மறுபடி தேய்த்து, மறுபடி அடிக்கணும். நேரமும் போச்சு, பொருளும் போச்சு, கூலியும் போச்சு.

அன்று ட்ரூ பார்த்ததும் அதைத்தான். வந்த வேலை உப்புத்தாளைச் சோதிப்பது. அதை முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனா அவர் அந்த பெயிண்டரிடம் ஒரு வாக்கு கொடுத்தார். பெயிண்டைப் பிய்க்காமல் பிரிந்து வரும் டேப் ஒன்றைத் தானே செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் டேப் செய்வது எப்படி என்று அவருக்கும் தெரியாது, அவர் கம்பெனிக்கும் தெரியாது!

ஒட்டணும், ஆனா விடவும் செய்யணும்... ஏன் இவ்வளவு கஷ்டம்?

இங்கே கொஞ்சம் அறிவியல். பசை ஒரு பொருளில் ஒட்ட வேண்டுமானால், அதன் மேடு பள்ளங்களுக்குள் நெருங்கிப் போய்ப் படிய வேண்டும். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பில்கூட நுண்ணிய அளவில் மேடு பள்ளம் இருக்கும். பசை திரவம் போல வழிந்து அதை நிரப்பினால், மூலக்கூறுகளுக்கு இடையே வான் டெர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு வேலை செய்யும். தனியாகப் பார்த்தால் ரொம்பச் சின்ன விசை. கோடிக்கணக்கில் சேரும்போது பெரிய பிடி.

திரவமாகவே இருந்துவிட்டால் ஒரு இழுப்பில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் அழுத்தும்போது திரவம் போல வழிய வேண்டும், இழுக்கும்போது திடப்பொருள் போல எதிர்த்து நிற்க வேண்டும். பிரித்தெடுக்கும்போது பசை மொத்தமாக டேப்போடு வர வேண்டும், பாதி அங்கேயும் பாதி இங்கேயும் நிற்கக் கூடாது. அடியில் இருக்கும் பெயிண்டின் பிடியை விட டேப்பின் பிடி குறைவாகவும் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். பிடி அதிகமானால் பெயிண்ட் உரியும். பிடி குறைந்தால் டேப் கழன்று விழும். போன் ஹோல்டர் தயாரிப்பவர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது இதே கணக்கோடுதான்.

நிறுத்தச் சொன்னார் பாஸ்... நிறுத்தினாரா ட்ரூ?

லேபுக்குத் திரும்பிய ட்ரூ, கையில் கிடைத்ததை எல்லாம் கலந்து பார்த்தார். தாவர எண்ணெய்கள், விதவிதமான பிசின்கள், சூயிங்கம் செய்யப் பயன்படும் சிக்கிள், ஆளி விதை எண்ணெய், கிளிசரின் என்று பட்டியல் நீண்டது. மாதங்கள் ஓடின. உருப்படியாக எதுவும் வரவில்லை.

அப்போது 3எம் நிறுவனத்தை நடத்தி வந்தவர் வில்லியம் மெக்நைட். உதவிக் கணக்கராகச் சேர்ந்து மேலே வந்தவர். ஒவ்வொரு டாலருக்கும் கணக்குப் பார்ப்பவர். உப்புத்தாள் கம்பெனியின் லேப் ஆள் எதற்குப் பசை கிண்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குப் புரியவில்லை. அதை விட்டுவிட்டு வாட்டர் பேப்பர் வேலைக்குத் திரும்பும்படி உத்தரவு போட்டார்.

ட்ரூ கேட்டுக்கொண்டார். பழைய வேலைக்கும் திரும்பினார். ஆனா மனசு திரும்பவில்லை.

அதுவரை அவர் வழவழப்பான காகிதங்களில்தான் பசை தடவிப் பார்த்திருந்தார். வளைவான இடங்களில் அவை படியவில்லை. கிரேப் காகிதத்தில் முயன்றால் என்ன என்ற யோசனை வந்தது. பிறந்தநாள் தோரணம் கட்டுவோமே, அந்தச் சுருக்கத் தாள். அதன் சுருக்கங்கள் இழுத்தால் விரிந்து கொடுக்கும், காரின் வளைவுகளோடு வளையும், பிரிக்கும்போதும் எளிதாக வரும்.

யோசனை வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மறுபடி லேபில் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் மெக்நைட் நேரடியாக லேபுக்குள் வந்து பார்க்கிறார். நிறுத்தச் சொன்ன அதே வேலையை ட்ரூ செய்துகொண்டிருக்கிறார்! வேலை போய்விடும் என்றுதான் யாராக இருந்தாலும் நினைப்பார்கள். ஆனா மெக்நைட் அவரைத் தடுக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை.

99 டாலர் தந்திரம்

அடுத்த சிக்கல் பணம். டேப்பை ஒழுங்காகச் செய்து பார்க்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. அதற்கு அனுமதி கேட்டார் ட்ரூ. யோசித்துப் பார்த்த மெக்நைட், முடியாது என்று சொல்லிவிட்டார்.

ட்ரூவுக்கு 100 டாலர் வரையிலான பொருட்களை யாரிடமும் கேட்காமல் வாங்கும் அதிகாரம் இருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்துக்கான செலவை 99 டாலர், 99 டாலர் எனச் சின்னச் சின்ன ஆர்டர்களாகப் பிரித்துப் போட்டார். இயந்திரம் வந்து சேர்ந்துவிட்டது! பிறகு அவரே மெக்நைட்டை அழைத்துப் போய் இயந்திரத்தைக் காட்டி, நடந்ததை ஒப்புக்கொண்டார்.

சட்டப்படி பார்த்தால் இது விதிமீறல்தான். வேறொரு கம்பெனியாக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆனா மெக்நைட் இதை வேறு கோணத்தில் எடுத்துக்கொண்டார். நல்ல ஆட்களை வேலைக்கு எடுத்தால் அவர்களை அவர்கள் வழியில் விட்டுவிட வேண்டும், மேலே இருப்பவர்கள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவதுதான் பெரிய தவறு என்ற கொள்கையை 1948-ல் அவர் நிறுவனத்துக்காக எழுதி வைத்தார். வேலை நேரத்தில் 15 சதவீதத்தை ஊழியர்கள் தங்கள் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற 3எம் வழக்கத்தின் வேரையும் ட்ரூவின் கதையில்தான் தேடுகிறார்கள்.

1925-ல் டேப் தயார். கிரேப் காகிதத்தின் மேல், தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ரம். அது காய்ந்து இறுகிவிடாமல் இருக்க கிளிசரின். இதுதான் உலகின் முதல் மாஸ்கிங் டேப். பட்டறையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ட்ரூவுக்கு இரண்டு ஆண்டுகள் ஆனது. இதன் காப்புரிமை 1930 மே 27-ல் அவர் பெயருக்குக் கிடைத்தது.

ஸ்காட்ச் டேப்... பெயர் வந்தது எப்படி?

இதற்கு ஒரு சுவாரஸ்யமான கதை சொல்லப்படுகிறது. சோதனைக்குக் கொடுத்த ஒரு டேப் இரண்டு அங்குல அகலம். அதில் பசை முழுக்கத் தடவப்படவில்லை, இரண்டு ஓரங்களில் மட்டும்தான் இருந்தது. பெயிண்டர் ஒட்டினார். காகிதத்தின் கனம் தாங்காமல் டேப் கழன்று விழுந்தது.

கடுப்பான பெயிண்டர், உங்க ஸ்காட்ச் முதலாளிகளிடம் இதைக் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் பசை தடவச் சொல்லுங்கள் என்ற பொருளில் பொரிந்து தள்ளினாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றால் கஞ்சர்கள் என்று அன்றைய அமெரிக்காவில் ஒரு தவறான கேலி புழங்கியது. கம்பெனிக்கு ஸ்காட்லாந்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்த வசையே பிராண்ட் பெயராக ஒட்டிக்கொண்டது!

அடுத்து வந்தது கண்ணாடி டேப்

மாஸ்கிங் டேப் வெற்றி பெற்ற பிறகு ட்ரூவிடம் இன்னொரு சிக்கல் வந்தது. ரயில்களின் குளிர்சாதனப் பெட்டிகளில் வைக்கும் வெப்பத் தடுப்புப் பலகைகளை ஈரம் புகாமல் சுற்றி ஒட்ட வேண்டும் என்று செயின்ட் பால் நிறுவனம் ஒன்று கேட்டது. அது 1929-ம் ஆண்டு.

அதே சமயத்தில் செல்லோஃபேன் என்ற கண்ணாடித் தாள் சந்தையில் பரபரப்பாகப் பேசப்பட்டது. ரொட்டி, இறைச்சி, இனிப்பு எல்லாவற்றையும் அதில் சுற்றி விற்கத் தொடங்கியிருந்தார்கள். 3எம் ஊழியர் ஒருவர், மாஸ்கிங் டேப் சுருள்களை இந்தத் தாளில் சுற்றிப் பேக் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ட்ரூ வேறு மாதிரி யோசித்தார். டேப்பைச் சுற்ற எதற்கு, இந்தத் தாளையே டேப்பாக மாற்றினால் என்ன?

சொல்வது சுலபம். செய்யும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. சூடு பட்டால் செல்லோஃபேன் சுருண்டது. இயந்திரத்தில் ஓடும்போது கிழிந்தது. பசை சீராகப் படியவில்லை. பழைய பசை தாளின் பளபளப்பையும் கெடுத்தது. கடைசியில் ரப்பர், எண்ணெய், பிசின் கலந்த புதிய பசையை உருவாக்கினார்கள். அது தாளில் ஒழுங்காகப் பிடிக்க, அடியில் ஒரு பூச்சையும் சேர்த்தார்கள்.

1930 செப்டம்பர் 8-ம் தேதி, முதல் சுருள் சிகாகோவில் உள்ள ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. தயங்காமல் சந்தைக்குக் கொண்டுவாருங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. நம்ம வீடுகளில் பொதுவாக செல்லோ டேப் என்று அழைக்கும் கண்ணாடி டேப் வகையின் பிறப்பு இதுதான்.

பேக்கிங் போச்சு... வீடுகள் வந்தன

இங்கே ஒரு திருப்பம். உணவுப் பொட்டலங்களை ஒட்டத்தான் இந்த டேப் என்று நினைத்தார்கள். ஆனா டேப் வந்த கொஞ்ச காலத்திலேயே, செல்லோஃபேனைச் சூடு காட்டியே ஒட்டும் முறை வந்துவிட்டது. எந்தச் சந்தைக்காகச் செய்தார்களோ, அந்தச் சந்தையே கைவிட்டுப் போனது.

அப்போது அமெரிக்கா பெருமந்தத்தில் சிக்கியிருந்தது. வேலை இல்லை, கையில் காசு இல்லை. எதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க முடியாத காலம். கிழிந்த புத்தகப் பக்கம், உடைந்த பொம்மை, கிழிந்த ஜன்னல் திரை, ஏன், கிழிந்த பணத்தாள் வரை மக்கள் இந்த டேப்பால் ஒட்டிப் பயன்படுத்தினார்கள். புதுசு வாங்க வழியில்லாத வீடுகளுக்கு, சில காசுகளில் ஒரு ரிப்பேர் பெட்டி கிடைத்தது போல ஆனது. தொழிற்சாலைக்காகப் பிறந்த பொருள், வீட்டு மேசை டிராயருக்குள் குடியேறியது.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி இருந்தது. டேப் நுனி எங்கே இருக்கிறது என்று நகத்தால் தேடுவது! 1932-ல் 3எம் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஜான் போர்டன், நுனியைத் தூக்கிப் பிடித்து, பல் பிளேடால் வெட்டும் டிஸ்பென்சரை வடிவமைத்து அதையும் தீர்த்தார்.

ட்ரூவின் லேப் ஏன் பேசப்படுகிறது?

இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பிறகும் ட்ரூ அலுவலக அறைக்குள் அடங்கிவிடவில்லை. 1940-களில் புதுப் பொருட்களை உருவாக்குவதற்கென்றே தனி லேப் ஒன்று அவர் தலைமையில் இயங்கியது. மற்ற துறைகளில் ஒத்துப்போகாத, ஆனால் யோசனை நிறைந்த ஆட்களுக்கு அங்கே இடம் இருந்தது. மேலிடத்துக்குப் பயந்து ஒரு யோசனையைக் கைவிடக் கூடாது என்பதை ட்ரூவை விட அனுபவித்துச் சொல்லக்கூடியவர் யார் இருந்தார்கள்?

தோல் சுவாசிக்க இடம் கொடுக்கும் மருத்துவ டேப், இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் சாலைப் பலகைத் தாள், அலங்கார ரிப்பன் போன்றவை அந்த லேபோடு சேர்த்துப் பேசப்படுபவை. ட்ரூவின் பெயரில் 30 காப்புரிமைகள் பதிவாகின.

1962-ல் ஓய்வு பெற்றார். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் 1980 டிசம்பர் 14-ம் தேதி, 81-வது வயதில் காலமானார். 2007-ல் அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பொறியியல் பட்டம் வாங்காத ஒருவருக்குப் பொறியியல் உலகம் கொடுத்த மரியாதை அது.

சரி, போன் ஹோல்டருக்கு எப்படி வந்தது?

ட்ரூ காட்டிய பாதை மூன்று திசைகளில் பிரிந்தது.

முதலாவது, லேசாக ஒட்டி, பலமுறை பிரித்து ஒட்டக்கூடிய பசை. 1968-ல் 3எம் விஞ்ஞானி ஸ்பென்சர் சில்வர், கெட்டியான பசையைத் தேடப்போய், பலவீனமான ஒன்றைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகள் கழித்து, தேவாலயப் பாடல் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவி விழுவதால் அலுத்துப்போன ஆர்ட் ஃப்ரை அதற்கு ஒரு வேலை கொடுத்தார். அதுதான் போஸ்ட்-இட் தாள். அது அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-ல், ட்ரூ மறைந்த அதே ஆண்டு.

இரண்டாவது, ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் பதிலாக நிற்கும் அக்ரிலிக் ஃபோம் டேப். இதுவும் 1980-ல்தான் சந்தைக்கு வந்தது. கார் டேஷ்போர்டு ஹோல்டர், ஹெல்மெட் கேமரா மவுண்ட் ஆகியவற்றின் அடியில் இருக்கும் தடிமனான, லேசாக அமுங்கும் பட்டை பெரும்பாலும் இந்த வகைதான். கார் குலுங்கும்போது வரும் அதிர்வை ஃபோம் வாங்கிக்கொள்ளும், பசையைப் பிய்க்க விடாது.

மூன்றாவது, இழுத்தால் விடும் பட்டை. 1996-ல் வந்த கமாண்ட் பட்டைகள் இந்த வகை. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைச் சுவரோடு ஒட்டி மெதுவாக இழுத்தால், பட்டை நீண்டு மெலிந்து, தானாகவே பிடியை விட்டுவிடும். சுவரில் டேப்லெட் ஹோல்டர் மாட்டும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஹோல்டர் ஏன் விழுகிறது? என்ன செய்யலாம்?

வாங்கிய இரண்டே நாளில் ஹோல்டர் விழுந்துவிட்டது என்றால், குற்றம் எப்போதும் பசையின் மேல் இல்லை.

* தூசியும் பாலிஷும்: டேஷ்போர்டில் பளபளப்புக்காகப் போடும் சிலிக்கான் பாலிஷ், பசைக்கு முதல் எதிரி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

* சொரசொரப்பு: மேடு பள்ளம் அதிகமான பிளாஸ்டிக்கில் பசை முழுசாகத் தொடுவதே இல்லை. வழவழப்பான, சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

* அவசரம்: இதுதான் பலர் செய்யும் தவறு. அக்ரிலிக் ஃபோம் டேப், அறை வெப்பநிலையில் 20 நிமிடத்தில் சுமார் பாதி வலுவைத்தான் எட்டும். 24 மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம். முழு வலு வர 72 மணி நேரம். நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு, ஒரு நாளாவது போனை மாட்டாமல் விடுங்கள்.

* வெயில்: மூடிய காருக்குள் சூடு ஏறும்போது பசை இளகும். அந்த நேரத்தில் போனின் எடை அதை மெல்ல மெல்லக் கீழே இழுக்கும். காரை வெயிலில் நிறுத்தும்போது போனை எடுத்துவிட்டால் ஹோல்டர் நீண்ட நாள் நிற்கும்.

* கழட்டும்போது: வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, ஃபோமுக்கு நடுவே கெட்டியான நூலை விட்டு அறுத்து, மிச்சத்தை விரலால் உருட்டி மெதுவாக எடுங்கள்.

ஒரு வசையில் தொடங்கிய பயணம்

பிடித்ததைச் சேதமில்லாமல் விடும் இந்தக் குணம், அறிவியலுக்கும் கைகொடுத்திருக்கிறது. 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை அடுக்கடுக்காக உரித்து, ஒரே ஓர் அணு தடிமன் கொண்ட கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

இத்தனைக்கும் தொடக்கப்புள்ளி, கூலி வீணாகிப்போன ஆத்திரத்தில் ஒரு பெயிண்டர் திட்டிய திட்டு. அந்த பெயிண்டரின் பெயர்கூட இன்று பேசப்படுவதில்லை. தன் வேலை இல்லாத ஒன்றைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட ட்ரூ அன்று அங்கே நின்று கேட்டார், மற்றவர்கள் கடந்து போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய ஹோல்டரைக் கழட்டும்போது டேஷ்போர்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தால், அந்த பெயிண்டருக்கு ட்ரூ கொடுத்த வாக்கு இன்றும் காப்பாற்றப்படுகிறது என்று அர்த்தம்.